ஷோகேஸில் நின்ற ஒயின்

அடையாறில் தோழி வீட்டு மொட்டைமாடியில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் ஊற்றிக் கொடுத்த பழைய சிவப்பு ஒயினை ஒரு மடக்கு விழுங்கியபோதுதான் எனக்கு உறைத்தது: இதைவிட வயதான ஒன்று எங்கள் வீட்டில் சும்மா நிற்கிறது.

அந்த மடக்கைச் சொல்லியாக வேண்டும். முதலில் உலர்ந்த திராட்சை. பிறகு, மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்ததும் வருமே, வேரும் பட்டையும் கலந்த வாசம், அது. புது ஒயினின் துவர்ப்பு கன்னத்தை உள்ளே இழுக்கும். இதில் அந்த முரட்டுத்தனமே இல்லை. விழுங்கிய பிறகும் நாக்கில் ருசி மாறிக்கொண்டே இருந்தது. இந்த ருசி அப்பாவுக்குக் கிடைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

எங்கள் சாந்தோம் வீட்டு பாட்டில், அப்பா அம்மா கல்யாணத்துக்குப் பெரியப்பா கொடுத்தது. கப்பலில் வேலை பார்த்த அவர், பிரான்சில் ஏதோ துறைமுகத்தில் வாங்கி வந்தாராம். வெள்ளி விழாவுக்குத் திறப்பது என்று அன்றைக்கே பேச்சு. அதுவரை அது இருந்த இடம் ஹால் ஷோகேஸ். வருகிறவர்கள் பார்க்க வேண்டுமே! கண்ணாடிக் கதவு, உள்ளே குட்டி பல்பு, எதிரே மேற்குப் பார்த்த ஜன்னல். சென்னை வெயிலில் ஒரு ஒயினைக் கொல்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

ஒயினைப் பாதுகாப்பது பற்றிப் படிக்கப் படிக்க எனக்குப் பதறியது. பாட்டில் படுத்திருந்தால்தான் கார்க் நனைந்திருக்கும். நின்றால் காய்ந்து சுருங்கி, காற்று உள்ளே போய்விடும். விழாவுக்குச் சில மாதங்களே இருந்தன. எடுத்து பீரோவின் அடித்தட்டில் படுக்கவைத்தேன். மறுநாளே அது ஷோகேஸில் நின்றது.

"படுக்க வச்சா ஒழுகும்டி. பட்டுப்புடவைல கறையாச்சுன்னா நீயா தோய்ப்ப?" என்றாள் அம்மா.

நான் படுக்கவைப்பேன், அவள் நிற்கவைப்பாள். அப்பா இருவருக்கும் நடுவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

விழா அன்று சர்ச்சில் பூசை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடியதும் பெரியப்பாதான் திறந்தார். கார்க் பாதியில் பிய்ந்து போய் மீதி உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்தார்கள். பழைய ஒயினுக்கு வரும் செங்கல் நிறத்தையும் தாண்டி, பழைய புளிக்கரைசல் நிறம். மூக்கருகே கொண்டுபோனதும் வினிகர் நெடி. செத்துப் போயிருந்தது. பிரான்சின் வெயிலையும் மழையையும் வாங்கிய திராட்சை, எங்கள் ஹாலில் பொம்மைகளுக்கு நடுவே நின்று நின்று செத்திருந்தது.

கெட்டுவிட்டது என்றேன். பழசு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பெரியப்பா அடித்துப் பேசினார். கிறிஸ்துமஸுக்கு ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் போட்டு ஊறவைப்பதுதான் எங்கள் வீடுகளில் ஒயின். இனிக்காவிட்டால் அது ஒயினே இல்லை. அதனால் பெரியம்மா ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினார். அத்தனை பேரும் அதைக் குடித்துவிட்டுத் தலையாட்டினார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அப்பாவும்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நல்லா இருக்காப்பா? நெஜமா சொல்லுங்க."

"ஆசையா வாங்கிட்டு வந்தது இல்ல," என்றார் என்னைப் பார்க்காமல்.

மறுநாள் முழுக்க அவருக்குத் தலைவலி. இனிமேல் அந்தப் பக்கமே போகப்போவதில்லை என்றார். ஒயின் என்றால் இவ்வளவுதான் என்று அவர் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார். பாட்டில் போனதைவிட இதுதான் எரிந்தது.

தலைவலி விசாரிக்க போன் செய்த பெரியப்பாவிடம் நானே பேசினேன். குரலை அடக்க முடியவில்லை. அவருக்குச் சிரிப்புதான்.

"இதுக்கு ஏன் பாப்பா இவ்ளோ கோவம்? இதே மாதிரி இன்னொண்ணு எங்கிட்ட கீது. கீழ் ரூம்ல, கட்டிலுக்கு அடில, வாங்கின பெட்டியோட படுத்துனு கெடக்கு. பேரன் கல்யாணத்துக்கு எடுக்கலாம்."

பேரன் யூகேஜி படிக்கிறான். ஆனால் இருட்டு, பெட்டி, படுத்தபடி! உயிரோடு இருக்கலாம். இல்லாமலும் போகலாம், திறந்தால்தான் தெரியும். இன்னும் இருபது வருடம் விட்டால் நிச்சயம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கோபாலபுரம் பெரியப்பா வீட்டுக்குப் போகிறேன். அவர் வரமாட்டேன் என்பார், பெரியப்பா தரமாட்டேன் என்பார். இரண்டு பேரிடமும் சண்டை போடுவதாக இருக்கிறேன்.