பையில் இருந்த புல் உருண்டைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு பதுளை ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்தின் பழைய துரை பங்களாவில் நான் மேலாளராக வேலை பார்த்தேன். வெளிநாட்டவர்கள் வந்து தங்கும் விடுதியாக அதை மாற்றியிருந்தார்கள். விருந்தினர்கள் தேயிலை மலையைச் சுற்றிப் பார்க்கட்டும் என்று கொழும்பில் இருக்கும் முதலாளி ஒரு பெண் குதிரையை வாங்கி அனுப்பினார். லொறியிலிருந்து அது இறங்கியதும் எங்கள் சமையற்காரர், "இது மேல ஆள் ஏறுறதா? இதத்தான் நாலு பேர் சேந்து தூக்கிட்டுப் போகணும்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவ்வளவு மெலிவு. இடுப்பு எலும்புகள் இரண்டும் தோலைக் குத்திக்கொண்டு நின்றன.

"சீசனுக்குள்ள தேறாட்டி வித்துருவோம்" என்று முதலாளி போனில் சொன்னார். அந்த நிலையில் அதை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். எப்படியாவது தேற்றிவிட வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன். இரவும் பகலும் போனில் தேடிப் படித்தேன். சோளம், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு எல்லாம் மூட்டையாக இறக்கினேன். திங்கட்கிழமை தோறும் முன்னங்கால்களுக்குப் பின்னால் நாடாவைச் சுற்றி நெஞ்சளவு எடுத்து, சமையலறைக் கலண்டரில் குறித்து வைத்தேன்.

குதிரையைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பல வருடம் கொழுந்து பறித்தவர், முழங்கால் வலியால் மலை ஏற முடியாமல் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தேயிலைக்குள் களைக்கு மருந்து அடிப்பார்கள் என்று அந்தப் பக்கமே போகாமல், வலியோடு ஓடைவரை இறங்கிப் போய்ப் புல் வெட்டி வருவார். அதெல்லாம் அப்போது என் கண்ணில் படவில்லை. அவரை அக்கா என்றும் நான் கூப்பிட்டதில்லை. "இந்தாம்மா" என்பேன்.

ஐந்து வாரம் ஆயிற்று. மூட்டைகள் காலியாகின. நாடாவில் அளவோ குறைந்துகொண்டே வந்தது.

அந்த அக்கா இரண்டு தடவை என்னிடம் வந்து சொன்னார். "சார், குதிர திங்கிற மாதிரிதான் தெரியுது. ஆனா முழுங்குறதில்லீங்க. மென்னு மென்னு கீழ துப்புது."

"குதிரை வெற்றிலையா போடுது, துப்புறதுக்கு? சோளத்தக் கூட்டிக் குடு" என்றேன். பக்கத்தில் நின்ற சமையற்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு ஒருநாள் சமையற்காரர்தான் கேட்டார். "தீனி எங்க சார் போகுது? அந்தம்மா வீட்டுல பசு மாடு நிக்குது தெரியுமா?" அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இருக்கவில்லை. அன்றிலிருந்து அந்த அக்கா மாலையில் கையில் கொண்டுபோகும் துணிப்பையையே பார்க்கத் தொடங்கினேன். சில நாள் அது கனமாகத் தொங்குவது போல இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும் நேரம். சமையற்காரர், தோட்ட வேலைக்காரர்கள், காவலாளி, வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு விருந்தினர்கள். அந்த அக்கா பையோடு வந்தார்.

"பைய குடு" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்துப் போயிற்று. "சார், அதுல ஒண்ணும் இல்லீங்க" என்று பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. பிடுங்கி, அப்படியே சிமெண்டுத் தரையில் கவிழ்த்தேன்.

ஒரு சாப்பாட்டுப் பெட்டி விழுந்தது. ஒரு குடை விழுந்தது. பிறகு பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். தாள் பிரிந்து, அதிலிருந்து வாத்து முட்டை அளவில் புல் உருண்டைகள் உருண்டு வந்தன. சில காய்ந்திருந்தன. சில இன்னும் எச்சில் ஈரத்தோடு பச்சையாக இருந்தன. பாதி மென்று துப்பிய புல். இடையிடையே முழுச் சோளமணிகளும் ஒட்டியிருந்தன.

அந்த அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கி எனக்கு லீவுங்க. பதுளையில மாட்டு டாக்டர்கிட்ட இதக் காட்டிக் கேக்கலாம்னு எடுத்து வச்சேன். வாயில சொன்னா நம்ப மாட்டாங்கல்ல."

கடைசி வார்த்தையை அவர் என்னை நினைத்துத்தான் சொன்னாரா என்று இன்றுவரை கேட்டதில்லை. அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "சரி, சரி, போ" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். நமுனுகுலயில் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் என் அம்மாவின் சாக்கைக் கொட்டிப் பார்த்தவர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டியவன். என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் அவர் தன் லீவில், தன் செலவில் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் வைத்தியரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வைத்தியர் குதிரையின் நாக்கை ஒரு பக்கமாகப் பிடித்து, டோர்ச் அடித்து எனக்கும் காட்டினார். கடைவாய்ப் பற்களின் ஓரங்கள் கத்தி போல வளர்ந்து, கன்னத்தின் உட்பக்கம் முழுக்கப் புண். "மூட்டை மூட்டையாப் போட்டாலும் இது எப்படிச் சாப்பிடும்? மென்றால் வலி உயிர் போகுமே" என்றார். அந்த வாயில்தான் ஐந்து வாரமாக நான் காய்ந்த சோளத்தைத் திணிக்கச் சொல்லியிருந்தேன்.

மயக்க ஊசி போட்டு, நீளமான அரத்தால் பற்களை ராவிவிட்டார். குடற்பூச்சி மருந்தும் கொடுத்தார். புல்லைப் பொடியாக நறுக்க வேண்டும், தவிட்டையும் புண்ணாக்கையும் ஊறவைத்துக் கூழாகக் கொடுக்க வேண்டும், ஒரே தடவையில் நிறையக் கொடுத்தால் வயிறு கட்டிக்கொண்டு செத்தும் போகலாம், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள் என்றார். போகும்போது, "அந்த உருண்டைகளைச் சேர்த்துக் கொடுத்தனுப்பியது நீங்களா? நல்ல புத்தி" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அந்த அக்கா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை லாயத்தில் அவர் தனியாக இருந்தபோது போய், "அக்கா, என்ன மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "எல்லாருக்கும் முன்னுக்கு வச்சுத்தானே சார் பையக் கொட்டுனீங்க" என்றார். "மன்னிப்ப மட்டும் ஏன் யாரும் இல்லாத எடத்துல கேக்குறீங்க?"

மூன்று நாள் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தேன். நாலாம் நாள் எல்லோரும் தேநீருக்குக் கூடியபோது எழுந்து நின்று, நடந்தது என் தப்பு, இவர் இல்லாவிட்டால் குதிரை செத்திருக்கும் என்று சொன்னேன். சமையற்காரர் தலை குனிந்துகொண்டார். அந்த அக்கா, "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

குதிரை மெல்ல மெல்லத் தேறியது. முதல் மாதம் நாடா அசையவே இல்லை. பிறகு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம். நாலாம் மாதம் எலும்புகள் உள்ளே போய், மயிர் பளபளக்க, அவர் வாளி சத்தம் கேட்டாலே கனைக்கத் தொடங்கியது. முதலாளி வந்து பார்த்து என் கையைக் குலுக்கினார். "நான் இல்ல சார், இந்த அக்கா" என்றேன். அந்தத் தடவையாவது சொன்னேன்.

ஆனால் நான் அங்கே வேலை பார்த்த கடைசி நாள் வரைக்கும், மாலையில் வாசலைத் தாண்டும்போது அவர் என் முன் நின்று பையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் போனார். வேண்டாம் அக்கா என்று கெஞ்சினேன். "இருக்கட்டுங்க சார், பழகிருச்சு" என்பார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது வேறு இடத்தில் வேலை செய்கிறேன். எனக்குக் கீழே வேலை செய்கிறவர் ஏதாவது சொல்ல வந்தால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன். என்னை நல்லவன் என்கிறார்கள். ஒரு மனுஷியை எல்லோர் முன்னாலும் குனிந்து பொறுக்க வைத்த பிறகுதான் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது என்பதை அவர்களிடம் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது.