ஏலத்தில் எடுத்த தையல் மெஷின்

யாரும் பேசாமல் இருந்தால் அந்த இடத்தில் நான் பேசிவிடுவேன். இது என் பிறவிக் குணம். ஆலயத்தில்கூட அடங்காது.

கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்து, மலேசியாவிலேயே மெர்சிங்கிலிருந்து, எல்லைக்குப் பக்கத்து ஊரான ஸ்கூடாய்க்குக் குடிவந்த புதிது. புதுச் சபையில் எங்களை யாருக்கும் சரியாகத் தெரியாது. நாங்களும் தாராளமாகக் கொடுக்கிற குடும்பம்தான் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று அதைப் பக்தி என்றே நினைத்திருந்தேன்.

அறுப்பின் பண்டிகை வந்தது. அன்றைய பிரசங்கம் உக்கிராணத்துவத்தைப் பற்றி. நம்மிடம் இருப்பது எதுவும் நம்முடையதல்ல, ஆண்டவருடையதை நாம் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் என்றார் போதகர். வலிக்காமல் கொடுப்பது கொடுப்பதே அல்ல என்றும் சொன்னார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினேன்.

ஆராதனை முடிந்ததும், சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பொருள்களை ஏலம் விட்டார்கள். வாழைத்தார், பலாப்பழம், முறுக்கு டின், கூண்டில் இரண்டு கோழி. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பும் போட்டியுமாக விலை ஏறியது. கடைசியில் ஒரு தையல் மெஷினைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார்கள். மோட்டார் பூட்டிய பழைய இரும்பு மெஷின். சபையில் எல்லாருக்கும் ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவருடைய காணிக்கை அது. புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பழையதைக் கொடுக்கிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

சபை மூப்பரான ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒரு விலை சொன்னார். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. கோழிக்கு அத்தனை போட்டி போட்டவர்கள் இதற்கு இப்படிக் கஞ்சத்தனம் செய்கிறார்களே என்று எனக்கு எரிச்சல். கையைத் தூக்கி அம்பது வெள்ளி கூட்டிச் சொன்னேன். வாத்தியார் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கூட்டினார். நானும் விடவில்லை. அவர் மூன்றாவது வரிசையில் இருந்த தையல்கார அக்காவைப் பார்த்தார். அக்கா வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார். வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மெஷின் என்னுடையது. ஒருவரும் கைதட்டவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு சபையில் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கணவரோ, "உன் வாய்தான் ஏதாவது சொல்லியிருக்கும்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். மெஷின் சாப்பாட்டு மேசையில் துணி மூடிக் கிடந்தது. எனக்குத் தைக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம்.

கிறிஸ்மஸ் நெருங்கியதும் அந்த அக்காவிடமே போய், பத்து பேர் நடுவில், "அக்கா, ரெண்டு ப்ளவுஸ் தைக்கணும். எப்ப துணி கொண்டு வரட்டும்?" என்று கேட்டேன்.

"இப்பத் தைக்கிறதில்லம்மா. மெஷின் இல்லையே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் வாத்தியார் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். ஏழு வருடமாக அந்த அக்கா அதே மெஷினை அறுப்பின் பண்டிகைக்குக் கொடுக்கிறாராம். அவருக்கு இருப்பது அது ஒன்றுதான். கணவர் இல்லை, பிழைப்பே தையல்தான். ஒவ்வொரு வருடமும் சபையார் பணம் போட்டு, வாத்தியார் பேரில் ஏலம் எடுத்து, அன்று சாயங்காலமே அதை அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்களாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அங்கிள்?"

"சொல்லத்தான் கெளம்புனேன். அவங்கதான் கூடாதுன்னு தடுத்துட்டாங்க. வேற மெஷின் வாங்கித் தர்றோம்னோம். அதுவும் வேணாமாம். எங்களுக்கும் ஒண்ணும் புரியல சிஸ்டர்."

ஆண்டவருக்குக் கொடுத்ததாக நான் நினைத்த பணம் ஒருத்தியின் பிழைப்பைப் பிடுங்கியிருக்கிறது. அந்தச் சனிக்கிழமையே மெஷினைக் காரில் ஏற்றிக்கொண்டு அவர் பிளாட்டுக்குப் போனேன். லிஃப்ட் இல்லை. நாலாவது மாடிக்கு, மாடிக்கு மாடி இறக்கி வைத்து மூச்சு வாங்கித் தூக்கிப் போனேன்.

கதவைத் திறந்தவர் மெஷினைப் பார்த்தார். குனிந்து, ஊசிக்குக் கீழே சேர்ந்திருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். பிறகு சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா. மன்னிச்சிருங்க. இது உங்களுது" என்றேன்.

"இல்லம்மா. மொத வருஷம் நெசமாத்தான் குடுத்தேன். பாவம்னு திருப்பிக் கொண்டாந்து வச்சாங்க. அதுக்கப்புறம் வருஷா வருஷம், சாயங்காலம் வந்துரும்னு தெரிஞ்சுதான் தூக்கிட்டுப் போனேன். எல்லாரும் எவ்ளோ பாராட்டுவாங்க தெரியுமா? எனக்கே நம்பிக்கை வந்துருச்சு, நான் பெரிய தியாகின்னு." சிரித்தார். "நீங்க கையத் தூக்குனப்ப உங்க மேல அப்படி ஒரு கோவம். வீட்டுக்கு வந்து அழுதேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் தோணுச்சு, இப்பதான குடுத்துருக்கேன்னு."

"அப்ப எங்க வீட்டுக்கு வந்து தைங்கக்கா."

"அப்பவும் அது என்னுதாத்தான் இருக்கும். குடுத்ததா ஆகாது."

இப்போது ஒரு ஃபேக்டரி கேன்டீனில் சமைக்கிறாராம். நாள் முழுக்க நிற்க வேண்டும். முட்டி வீங்கியிருந்தது, நான் கேட்காமலே தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஆண்டவர் இந்த முட்டிவலியைக் கேட்டாரா என்று கேட்டேவிட்டேன். அக்கா வெகுநேரம் பேசவில்லை. இந்த முறை நானும் பேசவில்லை.

"தெரியலம்மா" என்றார். "நான் ஒண்ணும் பெரிய விசுவாசி இல்ல. நீங்க இத இங்க வச்சுட்டுப் போனீங்கன்னா நான் எடுத்துக்குவேன். நாளைக்கே தைக்க உட்காந்துருவேன். அதான் சொல்றேன். தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிருங்க."

வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். அதுதான் இரக்கமோ என்னவோ. ஆனால் அவர் அதற்குள் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக, நாலு மாடியும் என்னோடு இறங்கினார். காரில் ஏற்றி வைத்ததும், "மாசத்துக்கு ஒருக்கா எண்ணெய் விடுங்க. இல்லன்னா இறுகிப் போயிரும்" என்றார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலே ஏறினார்.

நான் வண்டியை எடுக்கவில்லை. ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினேன். அந்த மெஷின் எப்படியாவது அவருக்கே திரும்பக் கிடைக்க வேண்டும் என்று கேட்பதா, கிடைக்கவே கூடாது என்று கேட்பதா, தெரியவில்லை. கடைசியில் இரண்டையும் கேட்டேன்.