ஒரே நாளில் வந்த காய்ச்சல்

"படகு ஓடாததாலை வழக்கு விழுந்ததெண்டு எந்தக் கோப்பில கிடக்கு?" என்று விரிவுரையாளர் மீனலோசனி கேட்டார்.

"ஒண்டிலும் இல்லை, மிஸ்," என்றாள் அன்ரனிட்டா.

"அப்ப நீர் காத்தையோ கூண்டில ஏத்தப் போறீர்?"

வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"ஓம் மிஸ். சோளகக் காத்தைத்தான்."

"தலைப்பை மாத்தும்."

"ஏலாது மிஸ். ஒரு மாதம் தாங்கோ."

மிஸ் நாட்குறிப்பைப் புரட்டினார். "மூண்டு கிழமை."

அன்ரனிட்டா நெடுந்தீவுக்காரி. அப்பா யாக்கோப்பு கடற்றொழில் செய்பவர். பல்கலைக்கழகத்தில் நாங்கள் குற்றவியல் நீதி படிக்கிறோம். விடுதியில் அவளுடையது எனக்குப் பக்கத்துக் கட்டில். இறுதியாண்டு ஆய்வுக்கு அவள் எடுத்தவை நெடுந்தீவு மாட்டுத் திருட்டு வழக்குகள். அங்கிருந்து நீதிமன்றத்துக்குப் போக ஒரு மணித்தியாலம் படகு, பிறகு பஸ். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது. சாட்சி தவணைக்குத் தவணை வராவிட்டால் வழக்கு விழுந்துவிடும்.

அனுமதிக் கடிதத்தோடு நீதிமன்றப் பதிவறைக்குப் போனாள். அவள் சொன்னதுபோலவே கோப்புகளில் காற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சாட்சிகள் வராததற்குக் காரணம் அநேகமாக எல்லாவற்றிலும் காய்ச்சல். இரண்டாம் கிழமை கோப்புகளைத் திகதிவாரியாக அடுக்கினாள். ஆடி மாதத்தில் ஒரே நாள், நாலு வழக்கு, ஆறு சாட்சிகள். ஆறு பேருக்கும் காய்ச்சல். ஆறாவது பெயர் யாக்கோப்பு.

சனிக்கிழமை ஊருக்குப் போனாள். அப்பா வலையின் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அண்டைக்கு உங்களுக்குக் காய்ச்சலோ?"

"எனக்கேன் காய்ச்சல்? விடிய இறங்குதுறையில நிண்டனான். படகு விடேல்லை."

"பிறகேன் காய்ச்சலெண்டு சொன்னனீங்கள்?"

"காத்தெண்டால் கோட்டில ஆர் நம்புவினம்? அங்கை மரத்தில இலையும் ஆடாது. காய்ச்சலெண்டால் கேள்வி இல்லை. லோயருக்கு எல்லாரும் அப்பிடித்தான் போனில சொல்லுறது." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "இதை எழுதி என்னை மறியலில அடைக்கப் போறியோ, பிள்ளை?"

"பேர் போடமாட்டன். ஆனால் எழுதுவன்."

மறுநாள் காலை அவரே அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மற்ற ஐந்து சாட்சிகளின் வீடுகளுக்கும் போனார். அவர்களில், தன் வழக்கு விழுந்ததில் மூன்று பசுக்களை இழந்த அன்னப்பிள்ளை வாசல் படலையிலேயே மறித்தாராம். "என்ன யாக்கோப்பண்ணை, காய்ச்சல்காரரை எண்ண வந்தனியளோ?" ஆனாலும் இருத்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னார். படகு ஓடாத நாட்களை அன்ரனிட்டா இறங்குதுறைப் பதிவேட்டில் பார்த்து எழுதினாள். காய்ச்சல் வந்த நாட்களில் பெரும்பாலானவை அதற்குள் இருந்தன.

மூன்று கிழமை முடிய ஒரு நாள் முன்னதாகவே மிஸ்ஸின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். மிஸ் கடைசிப் பக்கம்வரை வாசித்தார்.

"தலைப்பு இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை ஆய்வுக் குழுவுக்கு முன்னாலை சொல்லும். அவையள் ஏற்றுக்கொண்டால்தான் சரி. அதில ரெண்டு பேருக்குத் தமிழ் தெரியாது."

அன்று பின்னேரம் விடுதிக் குசினியில் சோறு சமைத்துக்கொண்டிருந்த என்னிடம் அன்ரனிட்டா வந்தாள். நான் இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதும், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"நான் தமிழில சொல்லுறன். நீர் பக்கத்தில நிண்டு இங்கிலிசில சொல்லும். நான் குரலை உயத்தினால் நீரும் உயத்தவேணும். மரியாதைக்கெண்டு ஒரு சொல்லையும் மெதுவாக்கிப் போடாதேயும்."