ஏன் லேட்டு என்று கேட்காத கடை

தெரு முழுக்க அவரை மொடமொடப்பு என்றுதான் கூப்பிடும். லாண்டரிக்கடைக்காரர். கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நிற்பார், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் பேசுவார். அப்புறம் வேறு என்ன பெயர் ஒட்டும்? கல்யாணம் ஆகவில்லை. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறை, அதில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்றால் அவர் வாய்க்கும் விடுமுறைதான்.

அவருடைய தலைவலி இதுதான். துணி போடுகிற ஜனங்கள் திரும்ப வாங்க வருவதில்லை. வெளுத்து, இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் உறை மாட்டித் தொங்கவிட்ட துணிகள் சுவருக்குச் சுவர் கம்பியை அடைத்துக்கொண்டு நின்றன. புதுத் துணி மாட்ட ஒரு ஹேங்கர் அளவு இடமில்லை. “அடுத்த வாரம் கொண்டாங்க” என்று அவர் அனுப்பி வைக்கிறவர்கள் நேராக முனையில் இருந்த புது லாண்டரிக்குப் போனார்கள். போன் போட்டால், “நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்” என்பார்கள். அந்த நாளைக்கு வந்தபாடில்லை. இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

தூக்கிக் கொடுத்துத் தொலைக்கலாமே என்றால் அதற்கும் மனசு வரவில்லை. பேசுவதற்கு அவருக்கு இருந்தது அந்தத் துணிகள்தான். “என்ன டீச்சர், மழை வரும்போல இருக்கே” என்று ஒரு பச்சை ஸ்வெட்டரிடம் கேட்பார். பேங்க் மேனேஜரின் கோட்டுக்குக் காலை வணக்கம் உண்டு. பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். தனியாக இருப்பவர்களைக் கேளுங்கள், ஸ்டவ்வோடு பேசுகிறவர்கள்கூட இருக்கிறார்கள்.

வியாபாரிகள் சங்கத்தில் ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். யாரோ நாலு பேரோடு உட்கார்ந்து டீ குடிக்கலாமே என்று இவரும் போனார். பாடம் எடுக்க வந்தவள் இளவயதுப் பெண். “பிரச்சினை தீரலேன்னா அதைத் தலைகீழா திருப்புங்க. இதை எப்படிச் சரி பண்றதுன்னு யோசிக்காதீங்க, இன்னும் நாசமாக்க என்ன பண்ணலாம்னு யோசிங்க. அப்படியும் பிடிபடலேன்னா, நீங்களே உங்க கடைக்கு வாடிக்கையாளரா நடந்து போய்ப் பாருங்க” என்றாள். வேலையில்லாதவன் செய்கிற வேலை என்று மொடமொடப்பு நினைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், அவருக்கும் வேலை இல்லை.

சரி, யாருமே துணி வாங்க வரக்கூடாது என்றால் என்ன செய்யலாம்? வருகிறவரை முறைக்கலாம். தாமதமானால் அபராதம் என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டலாம். நாலு பேர் முன்னால், “இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க?” என்று மானத்தை வாங்கலாம். யோசிக்க யோசிக்க அவருக்கு உற்சாகமாகக்கூட இருந்தது. அப்புறம் நிமிர்ந்து தன் தலைக்கு மேலே தொங்கிய போர்டைப் பார்த்தார். அபராதம், கொட்டை எழுத்து, எல்லாம் அங்கேயே இருந்தது. முறைப்பும் கேள்வியும் தினமும் அவரிடமிருந்தே வந்துகொண்டிருந்தன.

வாங்க வருகிறவராகவும் ஆகிப் பார்ப்போம் என்று பச்சை ஸ்வெட்டரின் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முனை வரைக்கும் நடந்து திரும்பி வந்தார். நான் டீச்சர், ஸ்வெட்டரை வெளுக்கப் போட்டு எட்டு மாசம் ஆச்சு, இப்போது வாங்க வருகிறேன். இப்படி மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தவருக்கு வாசலில் கால் நின்றுவிட்டது.

எதிர் மருந்துக்கடைக்கார அம்மா குரல் கொடுத்தாள். “என்ன அண்ணே, சொந்தக் கடைக்குள்ள போக யார்கிட்ட அனுமதி கேக்குறீங்க?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தயக்கம் அவர் காலுக்குப் புதிது இல்லை. அக்கா வீட்டுத் தெருமுனையில் இதே கால் இதே மாதிரி நின்றிருக்கிறது.

உறவென்று அவருக்கு இருப்பது அந்த ஒரு அக்காதான். மச்சான் தன் கருநீலக் கோட்டை வெளுக்கக் கொடுத்திருந்தார். அதை வாங்க வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். சேதி வந்தபோது ஒரு ஓட்டலின் படுக்கை விரிப்பெல்லாம் மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். முடிப்பதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் போக முகமில்லை. ஒரு வாரம் கழித்துப் போக அதைவிட முகமில்லை. வரவேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை. இவராகப் போகவில்லை, மூன்று வருஷம் ஓடிவிட்டது. கோட்டு மட்டும் கம்பியின் கோடியில் தொங்கியது. வாங்க வராதவர்களை எல்லாம் வாய் ஓயாமல் திட்டிய மனுஷன், கொடுக்கவேண்டியதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே போர்டைக் கழற்றினார். புதுசாக எழுதினார்: ‘எவ்வளவு நாளானாலும் வாருங்கள். ஏன் லேட்டு என்று கேட்க மாட்டோம்.’ அதையே எல்லோருக்கும் போனிலும் அனுப்பினார்.

வந்தார்கள். பச்சை ஸ்வெட்டருக்கு உரிய டீச்சர் தலை குனிந்தபடி வந்து நின்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அப்பாடா என்று மூச்சு விட்டுப் போய்விட்டாள். பேங்க் மேனேஜரும் அப்படியே. கம்பி காலியாகி, புதுத் துணி வர ஆரம்பித்தது. கடை பிழைத்துக்கொண்டது. பாடம் எடுத்த பெண் பார்த்தால் கைதட்டியிருப்பாள்.

ஆனால் ஒருத்தரும் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. அவர் கேட்க ஒன்றுமில்லை, அவர்கள் சொல்லவும் ஒன்றுமில்லை. ஒரு நாள் பழக்கதோஷத்தில், “மழை வரும்போல இருக்கே டீச்சர்” என்று திரும்பினார். வெறும் கம்பி இருந்தது.

பழைய துணியில் மிஞ்சியது அந்தக் கருநீலக் கோட்டு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அதை மறுபடி இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் பதில் தயார் பண்ணினார். மெஷின் ரிப்பேர், ஆள் இல்லை, எனக்கும் உடம்பு சரியில்லை அக்கா.

அக்காதான் கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

“வா, உக்காரு” என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “பஸ் உடனே கிடைச்சுதா?” என்றாள். “கடை எப்படிப் போகுது?” என்றாள். அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கடைக்கு வந்தவர்களையெல்லாம் தானும் இப்படித்தான் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிட்டோம் என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தானும் அப்படித்தான் எழுந்து போகவேண்டும் என்று நினைத்ததும் தாங்க முடியவில்லை.

“அக்கா, ஏன் இவ்வளவு நாளா வரலேன்னு ஒரு வார்த்தை கேளேன்.”

கோட்டைத் தடவிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

“மூணு வருஷமா இந்தச் செவுத்துகிட்ட அதைத்தானேடா கேட்டுக்கிட்டிருக்கேன். உன்கிட்ட கேட்டா எழுந்து போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு.”

“போகமாட்டேன். கேளு.”

அக்கா கேட்டாள். பஸ்ஸில் தயார் பண்ணிய பதில் ஒன்றுகூட அவர் வாயில் வரவில்லை. கையில் தண்ணீர் டம்ளரோடு, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதார்.