கண்ணாடிக் கூட்டில் கிடந்த கல்

போன வாரம் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு வெண்டைக்காய் வாங்கப் போனவள், வெண்டைக்காயை மறந்து ஒரு பழைய சாமான் கடை முன்னால் நின்றுவிட்டேன். வயசானால் இப்படித்தான். கால் ஒரு பக்கம் போகும், மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். என்னை இழுத்தது பழைய தேயிலைத் தூளும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாசனை. மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை மூடி ஆட்கள் இறங்கி வந்த பிறகு இந்த மாதிரிக் கடைகளில் மலைச் சாமான்கள் நிறையக் கிடக்கின்றன. எனாமல் தட்டு, தேயிலைக் கூடை, பூச்சி அரித்த கம்பளிக் கோட்டு. ஆனால் இந்த வாசனை அவற்றில் இருந்து வரவில்லை. அடியில் கிடந்த ஒரு மர ரேடியோப் பெட்டியில் இருந்து வந்தது.

ரேடியோவின் வயிறு காலி. முன்பக்கத்துத் துணியும் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தேன். மேல்பலகையில் இரண்டு ஆணி. ஆணிகளில் இருந்து பழைய பாக்கெட் கடிகாரச் சங்கிலி. சங்கிலியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, வாயைத் திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. லேசாக ஆடியது.

குனிந்தவள் நிமிரவே இல்லை. கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டார். நல்ல மனுஷர்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் அப்போது ஒரு கூட்டுறவு ஆபீசில் டைப்பிஸ்ட். இரண்டு பிள்ளை நாலாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. மூன்றாவது உண்டானபோது டாக்டரம்மா, "ஆபீசும் வேண்டாம், அடுப்படியும் வேண்டாம், கட்டிலை விட்டு இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சைவப்பிள்ளைமார் வீட்டில் ஆண்பிள்ளை அரிசி களைந்து உலை வைத்த அதிசயத்தைப் பார்க்க எங்கள் சொந்தக்காரர்கள் டிக்கெட் எடுத்து வராததுதான் பாக்கி.

நாங்கள் குடியிருந்தது ரோசாலி அக்கா வீட்டில். முன்கூடம் பொது. அதற்கு இடப்பக்கம் அவர்கள் அறை, வலப்பக்கம் எங்கள் அறை. கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில். அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். அவள் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணாச்சி மாஞ்சோலை பஸ்ஸில் கண்டக்டர். மலையில் யாராவது வேண்டாமென்று தூக்கிப் போட்டதையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுவார். "குப்பையச் சொமக்கதுக்கா கவர்மென்டு பஸ்ஸு விடுது?" என்று அக்கா கத்துவாள். டிசம்பர் வந்தால் அந்தக் குப்பைக்கு மரியாதை வரும். அண்ணாச்சி அதில்தான் கிறிஸ்மஸ் குடில் கட்டுவார்.

அந்த வருஷம் மலையில் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது கிடைத்த ரேடியோப் பெட்டிதான் மாட்டுக்கொட்டில். நான் கட்டிலில் ஒருச்சாய்த்துப் படுத்தபடியே கதவு வழியாக வேடிக்கை பார்த்தேன். தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளைக் கசக்கி விரித்து வானம் செய்தார். முகச்சவரக் கண்ணாடி குளமாயிற்று, அதைச் சுற்றி முளைவிட்ட கேப்பை புல்லாயிற்று. நீலத்துணி சுற்றிய சென்ட் பாட்டில் மாதா. சதுரங்கக் குதிரைகள் ஒட்டகம். மூன்று ராஜாக்களும் சதுரங்கத்தில் இருந்து வந்தவர்கள்தான்; சதுரங்கத்துக்கு இரண்டே ராஜா என்பதால் மூன்றாவதுக்கு ராணியை நிறுத்தியிருந்தார். ரேடியோ முகப்பில் ஊர்ப்பெயர்கள் எழுதிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பல்பு. பொழுது சாய்ந்ததும் அதுமட்டும் மஞ்சளாக எரியும்.

கடைசியாக அந்தக் கண்ணாடிக் கூடு. உள்ளே நீல வெல்வெட். "யாரு கண்ணுக்குள்ளதோ, கண்ணாடியக் காணோம், கூடு மட்டும் கெடந்துது" என்று சொல்லிக்கொண்டே சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டார்.

"அண்ணாச்சி, மாட்டுக்கொட்டில்ல ஏது தொங்கு தொட்டில்?" என்று கேட்டேன்.

"நம்ம ஊருல பொறந்திருந்தா தொட்டில்லதானம்மா கெடப்பாரு?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் தொட்டிலில் யாரையும் காணோமே? அக்காதான் சொன்னாள். "பாலன் இருவத்திநாலாந்தேதி ராப்பூசை முடிஞ்சுதான் வருவாரு. அதுவரைக்கும் எடம் காலியாத்தான் கெடக்கணும்." பாலன் சுரூபம், குழந்தைச் சாமியின் சின்னச் சிலை, ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் பஞ்சு சுற்றி அலமாரியில் இருந்தது.

பிடித்தது சனி. வெறும் தொட்டில் ஆடக்கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. விளையாட்டுக்கு ஆட்டினாலே கையில் ஒன்று போடுவார்கள். தொட்டில் போடுகிற விசேஷத்தன்றுகூட முதலில் குழவிக்கல்லைக் கிடத்தி ஆட்டிவிட்டுத்தான் பிள்ளையைக் கிடத்துவார்கள். இங்கேயோ, நான் வயிற்றில் ஐந்து மாதத்தை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன், கண்ணுக்கு நேரே வெறும் தொட்டில் நாள் முழுக்க ஆடுகிறது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏட்டி, அங்கிட்டு மில்லு ஓடுதுல்லா, அதிர்வுல ஆடுது" என்றார்.

"ஞாயித்துக்கிழமை மில்லு லீவுல்லா. அன்னைக்கும் ஆடிச்சே?"

"அப்பம் காத்து." கணக்கு முடிந்தது என்பதுபோல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அக்கா ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போனாள். அண்ணாச்சி மலையில். இவர் ஆபீசில். நான் பைய இறங்கினேன். இவர் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போதெல்லாம் வழவழவென்று கல் பொறுக்கி வருவார். அதில் ஒரு விரல் நீளத்தில் குட்டிக் குழவி மாதிரியே ஒன்று இருந்தது. பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் கிடத்தினேன். ஆட்டம் நின்றது. அன்றைக்குத்தான் பல நாளுக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் அக்கா குடில் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் கேட்டது மெஷின் ஓடும் சத்தம்தான்.

சாயங்காலம் எட்டிப் பார்த்தால், கல் சட்டை போட்டிருந்தது. வெள்ளைப் பாப்ளின் சட்டை, கைகூட வைத்துத் தைத்திருந்தது. அடுத்த நாள் ஒரு குல்லா. அதற்கு அடுத்த நாள் கன்னத்தில் மைப்பொட்டு. கல்லுக்குக் கன்னம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்? ஆனால் அவள் பொட்டு வைத்த பிறகு அது கன்னமாகத்தான் தெரிந்தது. அதற்கு மேலே கண் எங்கே இருக்கும் என்று என்னை அறியாமல் தேட ஆரம்பித்தேன். பயத்தில் வந்து படுத்துக்கொண்டேன். எடுத்துவிடலாம் என்றால் தொட்டில் காலியாகும். விட்டுவைத்தால் அது நான் வைத்த கல்லாகவே இல்லை.

ஒரு மத்தியானம், நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு அக்கா பேசினாள். விரலால் கூட்டை ஆட்டிக்கொண்டே, மெதுவாக, "எங்கலே இருந்த இத்தன நாளா? மழையில நனைஞ்சியா?" என்றாள். பதில் கேட்பதுபோல் கொஞ்ச நேரம் காது கொடுத்தாள். பிறகு, "சரி, தூங்கு" என்றாள். நான் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டேன். ராத்திரி இவரிடம், "அந்த அக்காவுக்குச் சித்தம் கலங்கிப்போச்சு, கல்லோட பேசுதா" என்றேன். நான்தான் அந்தக் கல்லை வைத்தவள் என்பதை மட்டும் சொல்லவில்லை. கட்டிலை விட்டு இறங்கியது தெரிந்தால் மனுஷர் கொன்றுவிடுவார்.

விஷயத்தை அந்தோணி அண்ணாச்சிதான் சொன்னார். மலையில் இருந்து வந்தவர், பெண்டாட்டி கல்லுக்குக் குல்லா மாட்டுவதைப் பார்த்துவிட்டு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. பெயரில்லாத பிள்ளைக்குச் சிலுவையில் என்ன எழுத? கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் அடக்கி, அடையாளத்துக்கு ஓர் ஆற்றுக்கல்லை வைத்தார்கள். அடுத்த ஐப்பசி மழையில் மண் கரைந்து கல்லைக் காணோம். எந்த இடம் என்றே தெரியவில்லை. "அந்தக் கல்லுதான் வந்துட்டுன்னு சொல்லுதா. வீட்ல ஆளில்லாத நேரத்துல, அவனுக்குன்னு எடம் பாத்து வந்துட்டான்னு நம்புதா. நான் என்னம்மா செய்ய?"

வீட்டில் ஆளில்லாத நேரம்! கட்டிலில் கிடந்த என்னை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அண்ணாச்சியிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இருபத்திநாலாம் தேதி விளக்கு வைத்த நேரம். கோயிலுக்குக் கிளம்பும் முன்பே பாலனைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ள அண்ணாச்சி ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தார். "ரோசாலி, அத எடுத்திரு. பாலனுக்கு எடம் வேணும்லா" என்றார்.

அக்கா கூட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "பாலனுக்கு ஊரு பூரா குடில் இருக்கு. இவனுக்கு எங்க இருக்கு?"

அதற்கு மேல் என்னால் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து கூடத்துக்குப் போனேன். "அக்கா, அது நான் வச்ச கல்லுக்கா. வெறுந்தொட்டில் ஆடுதேன்னு பயந்து நாந்தான் வச்சேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமே இல்லை. ஒரு பரிதாபம்தான் இருந்தது. "ஏட்டி, நீ கட்டில விட்டு எறங்கவே இல்ல. நாந்தான பாத்துட்டு இருக்கேன்? வயித்துப்புள்ளக்காரி பொய் சொல்லப்பிடாது. போய்ப் படு." அவளுக்குப் பின்னால் நின்ற அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு எப்படி வாதாடுவது?

"அப்பம் ரெண்டு பேரும் கிடக்கட்டும்க்கா. ரெட்டப்பிள்ள மாதிரி" என்றேன். என் வாயில் எப்படி அது வந்ததோ தெரியாது. அந்த வருஷக் கிறிஸ்மஸுக்குப் பாலன் ஒரு சட்டை போட்ட கல்லோடு ஒரே தொட்டிலில் படுத்துக்கிடந்தார். பலகாரம் கொண்டுவந்தவர்கள் பார்த்துவிட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து பாலன் பாட்டிலுக்குத் திரும்பினார். கல் திரும்பவில்லை. ரேடியோவும் அங்கேயே இருந்தது, பல்பும் எரிந்தது.

சித்திரையில் எனக்கு மகள் பிறந்தாள். முழுசாக, அழுத்தமாக அழுதுகொண்டு பிறந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு அக்கா பிள்ளையை ஆசையாக வாங்கி, நேரே ரேடியோ முன்னால் கொண்டுபோய், "ஏலே, தங்கச்சி வந்திருக்கா பாரு" என்றாள். கூடு ஆடியது. நான் பச்சை உடம்போடு ஓடிப்போய் அவள் கையில் இருந்து பிள்ளையைப் பறித்தேன். ஆமாம், பறித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அக்கா வெறும் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மாதத்தில் பெருமாள்புரம் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டோம். அதற்கப்புறம் அந்தத் தெருவுக்கே நான் போகவில்லை. பத்து நிமிஷ நடைதான், போகவில்லை. அண்ணாச்சி போனதையும், பிறகு அக்கா போனதையும் யாரோ சொல்லிக் கேட்டேன். மில்லை இடித்துவிட்டார்கள், அந்த வீட்டையும் இடித்துச் செல்போன் கடை வந்துவிட்டது. அண்ணாச்சி டிக்கெட் கிழித்த மலையில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பூட்டிக்கிடக்கின்றனவாம்.

ஸ்டூலில் உட்கார்ந்தபடி கையை நீட்டிக் கூட்டைத் தொட்டேன். வெல்வெட்டில் நீலமே இல்லை. நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. பள்ளத்தில் ஒன்றும் இல்லை.

"அண்ணாச்சி, இதுக்குள்ள ஒண்ணு கிடந்துச்சே?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"அந்தக் கல்லா? சட்டையெல்லாம் போட்டு வச்சிருந்தாவ, கிறுக்குப் பயவுள்ளைய. அப்பமே தூக்கி எறிஞ்சாச்சும்மா."

"எங்க எறிஞ்சீய?"

"எங்கன்னு நெனப்பு இருக்கு? வர்ற வழியில எங்கனயாவது."

அது என் வீட்டுக்காரர் ஆற்றில் பொறுக்கிய கல் என்று இந்த உலகத்தில் இன்றைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அப்படித் தோன்றவில்லை. அவன் ரோட்டோரத்தில் கிடக்கிறான் என்றுதான் தோன்றியது. மழை வேறு தூறத் தொடங்கியிருந்தது. கையை எடுத்தேன். பக்கத்தில் மில் இல்லை, காற்றும் இல்லை. கூடு ஆடியது.

"எங்கலே போன?" என்றேன்.

கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "யார்ட்டம்மா பேசுதீய?" என்று கேட்டார்.