மதினி கொடுத்த ஒற்றை நட்சத்திரங்கள்

பாக்கியம் மதினி போய்விட்டார் என்று அவருடைய மகன் ரவி தொலைபேசியில் சொன்னபோது, நான் அப்புத்தளையில் என் கடை வாசலில் நின்று ஒரு லீக்ஸ் கட்டுக்கு வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த நொடியில் ஊவா மாகாணம் முழுவதும் இயக்கத்தை நிறுத்தியிருக்க வேண்டும். ரயில் சுரங்கத்துக்குள்ளேயே நின்றிருக்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலைகளின் சங்குகள் தாமாகவே ஊதியிருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. பண்டாரவளை பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. லீக்ஸ்காரர் தன் விலையில் உறுதியாக நின்றார். உலகத்தின் மீது எனக்கு வந்த முதல் கோபம் அது.

இரண்டாவது கோபம் நமுனுகுலவில் காத்திருந்தது. மதினி குடியிருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, திரும்பும் வளைவில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை. “சாந்த சொரூபி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். பொறுமையின் சிகரம்.” படம் மதினியுடையதுதான். வாசகம் வேறு யாரோ ஒரு பெண்மணிக்கு அச்சடித்ததாக இருக்க வேண்டும். நமுனுகுல மலைக்குச் சிகரம் உண்டு. என் மதினியின் பொறுமைக்கு ஒரு மேடுகூடக் கிடையாது.

அவரை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மதினி, காலஞ்சென்ற என் அண்ணனின் மனைவி. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்திப் பாடல் கேட்கட்டும் என்று ரவி ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். மதினி அதில் கேம் விளையாடினார். விளையாடியதோடு நிற்கவில்லை. ஒவ்வோர் ஆட்டத்தின் கீழும் தன் அபிப்பிராயத்தை வாயால் சொல்லியே தமிழில் பதிந்து, நட்சத்திரமும் போட்டார். பெரும்பாலும் ஒன்றுதான். அதற்கும் கீழே போட வழி வைக்கவில்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை.

முதல் பலி மிட்டாய் ஆட்டம். ஒரே நிற மிட்டாய்களைச் சேர்த்தால் அவை வெடித்து மறையும். சர்க்கரை வியாதிக்காரரான மதினி, வாயில் வைக்க முடியாததைக் கையால் உடைக்கிறோம் என்று ஆனந்தமாகத்தான் ஆரம்பித்தார். தோற்றால் ஓர் உயிர் போகும். உயிர்களெல்லாம் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், இல்லையேல் காசு கட்டி வாங்க வேண்டும். அன்று அவர் போட்ட சத்தம் பசறை வரை கேட்டிருக்கும். “உசுருக்கு வெல சொல்றான் கொழுந்தனாரே. பதுள ஆஸ்பத்திரியில என் நெஞ்சப் பொளந்து பாத்தாங்க, அவங்ககூட இப்புடிக் கேக்கல.” நெஞ்சை யாரும் பிளக்கவில்லை; வயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மிகைப்படுத்துவது எங்கள் குடும்பத்து வியாதி.

அவரைச் சாந்தப்படுத்தலாம் என்று நானே பஸ் ஓட்டும் ஆட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மலைப்பாதை, அருவி, மூடுபனி என்று பார்க்க அத்தனை அழகு. மதினியோ ஹல்துமுல்லையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் பஸ்ஸில் நின்றபடியே பயணம் செய்து பழகியவர். ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் தீர்ப்பு வழங்கினார். “ஏறுனவன் ஒருத்தனும் வாயத் தெறக்கல. மிச்சக் காசு கேக்கல. ஜன்னலச் சாத்துன்னு சண்ட போடல. அத்தன வளைவுல ஒருத்தருக்கும் வாந்தி வரல. நான் ஓட்டுனது பஸ்ஸா, பொண வண்டியா?” நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஏமாற்றப்பட்ட பயணியின் கோபம் அவர் முகத்தில் இருந்தது.

அடுத்தது துப்பாக்கி ஆட்டம். ஒரு தீவில் குதித்து, ஒருவரையொருவர் சுட்டு, கடைசியாக மிஞ்சுகிறவர் வெல்ல வேண்டும். மதினி குறி பார்ப்பதில் ஒரு படையணிக்கே பயிற்சி கொடுக்கக்கூடியவர். ஆனாலும் ஒரு நாளும் வென்றதில்லை. மற்றவர்கள் விழுந்தவனின் பையைத் துழாவி, இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். மதினி தான் சுட்டவன் பக்கத்தில் போய் நிற்பார். அதற்குள் யாராவது அவரைச் சுட்டுவிடுவார்கள். ஏன் மதினி நின்று தொலைக்கிறீர்கள் என்று கேட்டேன். “யாரு பெத்த புள்ளையோ விழுந்து கெடக்கு. ஒரு நிமிசம் நின்னா என்ன கொறஞ்சிரும்?” அதற்கும் ஒரு நட்சத்திரம்தான். சாவுக்கு மரியாதை இல்லாத ஆட்டம் என்று காரணம் எழுதினார். அன்று எனக்குக் கேலி வரவில்லை.

அவரை அதிகமாகக் கொதிக்க வைத்தது விவசாய ஆட்டம். கரட் முற்றிவிட்டது, பசு பசியாயிருக்கிறது என்று விடிந்ததும் விடியாததுமாகப் போன் மணியடித்துக் கூப்பிடும். காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்குத் தன் ஆயுளெல்லாம் ஓடியவர் மதினி. “இதுல தொரையும் நானே, கங்காணியும் நானே, கூலியும் நானே. ஆனா லாபம் மட்டும் எவனுக்கோ போகுது” என்பார். தினமும் திட்டுவார், தினமும் விளையாடுவார். இவ்வளவு கேவலமான ஆட்டத்தை அழித்துவிட வேண்டியதுதானே என்றேன். என்னைக் கொலைகாரனைப்போலப் பார்த்தார். “மாட்டப் பட்டினி போட்டுட்டா?”

இந்த மனுஷியைத்தான் சாந்த சொரூபி என்று வளைவில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் கருமாதியில் படையல் போட்டார்கள். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது எங்கள் வழக்கம். ரொட்டி, சம்பல், உளுந்து வடை, வெற்றிலை, புதுச்சேலை, அவர் ஒரு நாளும் பிரிக்காத ஒரு பக்திப் பாடல் புத்தகம் எல்லாம் இருந்தன. போன் இல்லை. எங்கே என்று சபை கேட்கவே கேட்டேன். ரவி என்னை வெளியே இழுத்துப்போனான். அவனுக்குப் பதுளையில் வங்கி உத்தியோகம். மனைவி வீட்டார் முழுப்பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“செத்தும் அம்மாவக் கேலிக்கு ஆளாக்காதீங்க சித்தப்பா. இந்த வயசுல கேம் வெளயாண்டாங்கன்னு நாலு பேரு சிரிக்கணுமா? அந்த அக்கவுண்ட்டையே அழிச்சிறப் போறேன்.”

கண் கலங்கிப் போயிருந்தான். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் அவன் நினைத்தான். அதுவே என் மூன்றாவது கோபம். காப்பாற்றுகிற சாக்கில் ஆளையே அல்லவா அழிக்கப் பார்த்தான்! அந்த அபிப்பிராயங்கள் போனால், பதாகையில் இருக்கும் யாரோ ஒருத்திதான் மிஞ்சுவாள்.

உள்ளே தோட்டத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். அவரும் மதினியை அதிர்ந்து பேசாதவர் என்றார். உடனே ரவியின் மாமியார் எழுந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. சேலை மடிப்பே மற்றவர்களை அதட்டும். “மன்னிக்கணும், அத நான் ஒத்துக்க மாட்டேன்” என்றார். “நாலு வருசமா சாயங்காலத்துல சம்பந்தியம்மாவும் நானும் போன்ல லூடோ வெளயாடுறோம். என்னைய அவங்க வையாத வார்த்த இல்ல. நான் ஒரு நாளும் ஏமாத்தினதில்ல. அத அவங்க ஒத்துக்காமலே போயிட்டாங்க.”

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் வாங்கிய திட்டுகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள், பட்டம் வாங்கியவர்களைப் போல. நமுனுகுல மலை எழுந்து நடந்து வந்ததைப் பார்த்தவன் மாதிரி ரவி தன் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் போனை இலையில் வைக்கவில்லை. நானும் கோபத்தோடேயே அப்புத்தளைக்குத் திரும்பினேன்.

போன வாரம் ரவி அழைத்தான். எடுத்த எடுப்பிலேயே கத்தினான்.

“அந்த மாட்டு ஆட்டத்த மொதல்ல அழிச்சிருவோம்னு தெறந்தேன் சித்தப்பா. பயிரெல்லாம் காஞ்சு கெடக்கு. எங்க போனீங்க, காத்துக்கிட்டு இருக்கோம்னு மெசேஜ் மேல மெசேஜ். அம்மா எறந்துட்டாங்கன்னு சொல்றதுக்கு அதுக்குள்ள ஒரு எடம்கூட இல்ல. தேடித் தேடிப் பாத்துட்டேன். இவனுங்கல்லாம் மனுசனுங்களா?”

நான் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அப்படியும் தெளிவாகக் கேட்டது. அவன் ஓய்ந்த பிறகு, அழித்துவிட்டாயா என்று கேட்டேன். மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டானாம். ஆட்டத்தின் கீழே அம்மா எழுதியதற்குப் பக்கத்தில் தானும் எழுதி, ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறானாம்.

மதினியின் சேலைகள் மருமகளுக்குப் போயின. தோடு பேத்திக்கு. அவருடைய கோபத்துக்கு யாரும் உரிமை கோரவில்லை என்பதால், அதை முழுவதுமாக நானே வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். இனிப் பாதிதான் எனக்கு.