கம்பியூட்டருக்கு இசபெல் கொடுத்த நம்பர்

இசபெல்லை ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயமொன்றிலிருந்து நேர்ஸ் பயிற்சிக்கு வந்தவள். பயிற்சி முடிந்து தொப்பி வைத்துவிட்டால் நேர்ஸ், இல்லாவிட்டால் கொழுந்துக் கூடை. வீட்டில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

1987இல் ஹட்டனுக்குப் பக்கத்திலிருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு உதவியில் ஒரு கம்பியூட்டர் வந்தது. நோயாளிகளின் விபரத்தை இனி அட்டையில் எழுதுவதில்லை, பயிலும் பெண்கள் அதில் தட்டிப் பழக வேண்டும் என்றார்கள். கற்றுக்கொடுத்தவர் றோசலின் மிஸ். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். அதை யாராவது நினைவுபடுத்தினால் முகம் கறுத்துவிடும்.

அந்தப் பெட்டி முதலில் அடையாள அட்டை எண்ணைக் கேட்கும். கொடுக்காவிட்டால் அடுத்த பக்கம் வராது. வார்டில் கிடந்தவர்களில் பாதிப்பேர், இந்திய வம்சாவளி என்று பிரஜாவுரிமையே கொடுக்கப்படாத தோட்டத்து ஆட்கள். அட்டைக்கு எங்கே போவார்கள்?

“மிஸ், இவங்ககிட்ட அட்டை இல்லீங்க” என்றாள் இசபெல்.

“ஏதாச்சும் ஒரு நம்பரப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போ. இதுக்கும் கேள்வியா? லயத்துப் புத்தி.”

“ஒங்க லயத்துலயும் இப்பிடித்தான் பேசுவாங்களா மிஸ்?”

மற்றப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். றோசலின் மிஸ் சிரிக்கவில்லை.

இசபெல் ஒவ்வொரு கட்டிலாகப் போய், “ஒங்க நம்பர் என்னங்க?” என்று கேட்டாள். தோட்டத்து ஆட்களிடம் அப்படிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் இருக்கும் செக்ரோல் நம்பர். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ஆளைக் கூப்பிடுவதும் அரிசி போடுவதும் அந்த நம்பருக்குத்தான். அதையே தட்டினாள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனி செக்ரோல், ஒரே நம்பர் பல தோட்டங்களில் இருக்கும் என்பது லயத்தில் பிறந்த அவளுக்கே தோன்றவில்லை.

பொகவந்தலாவையிலிருந்து வந்த மாயாண்டிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. இசபெல் அதைச் சரியாகவே பதிந்தாள். பிறகு வேறு தோட்டத்து ஆண்டியப்பன் வந்தார். அவருக்கும் அதே நம்பர். கம்பியூட்டர் இருவரையும் ஒரே ஆளாக எடுத்துக்கொண்டு, பழைய விபரத்தின் மேல் புதியதை ஏற்றிவிட்டது. காலில் புண்ணோடு மாயாண்டி மறுபடி வந்தபோது நம்பரைத் தட்டியதும் வந்த பக்கத்தில் பெயரை யாரும் கவனிக்கவில்லை, பென்சிலினுக்குத் தடை எதுவும் அதில் இல்லை. ஊசி போட்டார்கள். முகம் வீங்கி, மூச்சு அடைத்தது. டொக்டர் ஓடிவந்து காப்பாற்றினார்.

மாயாண்டியின் மனைவி வீரம்மா வராந்தாவில் நின்று கத்தினாள்.

“எம் புருஷனக் கொல்லவா ஒங்களுக்குப் பொட்டி வாங்கிக் குடுத்தாங்க? எந்தச் சிறுக்கி தட்டுனது?”

இசபெல் முன்னால் போனாள். “நாந்தாங்கக்கா.”

“அக்காவா? யாருக்குடி அக்கா? போ அங்கிட்டு!”

மறுநாள் றோசலின் மிஸ் ஒரு மன்னிப்புக் கடிதத்தைத் தயாராக அடித்து வந்து எல்லோர் முன்னாலும் மேசையில் போட்டார். சொல்லிக்கொடுத்ததை மீறி இசபெல் தன்னிச்சையாக நம்பர் போட்டாள் என்று அதில் இருந்தது.

“கையெழுத்துப் போடு, தொப்பி உண்டு. போடலன்னா வீட்டுக்குப் போ.”

“ஏதாச்சும் நம்பரப் போடுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நான் சொன்னத யாரு காதால கேட்டா? ஒரு ஆளச் சொல்லச் சொல்லு பாப்போம்.”

அன்று சிரித்த பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இசபெல் கடிதத்தைக் குறுக்கே கோடிழுத்து அடித்தாள். ‘செக்ரோல் நம்பரைப் போட்டது நான். ஏதாவது போடச் சொன்னது மிஸ்’ என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டாள். அன்று மாலையே அவளை அனுப்பிவிட்டார்கள்.

அவளுடைய லயத்திலேயே பிறந்த நான், ஊர் ஊராக அலைந்துவிட்டுப் போன வருடம் தோட்டத்துக்குத் திரும்பியபோது, அவள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையோடு நின்றாள். ஒரு கையெழுத்துதானே, போட்டிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். பாய்ந்தாள்.

“மாயாண்டிகிட்ட நேராப் போயி மன்னிப்புக் கேட்டேன். அந்தாளு காறித் துப்புனாரு, வாங்கிக்கிட்டேன். எனக்கு அது வேணும். அந்த றோசலின் பொம்பளைக்கும் சேத்து நான் ஏன் வாங்கணும்?”